மொக்லேஸ் காட்டிய டாக்கா

போலா மாவட்டத்தில் லால்மோகனைச் சுற்றியுள்ள ஊர்களில் யாராவது டாக்காவுக்குப் புறப்பட்டால், பை கட்டுவதற்கு முன் மொக்லேஸ் வீட்டுக்கு ஒரு நடை போய்வருவார்கள். இருபத்து நான்கு வருஷமாக ஒன்று விட்டு ஒரு நாள் டாக்கா போய்வருகிற மனிதர். ராத்திரி முழுக்க ஆற்றில் ஓடும் லாஞ்சு என்கிற பயணிக் கப்பலில் சமையல். குலிஸ்தானில் எந்தப் பக்கம் நின்றால் பஸ் கிடைக்கும், நியூ மார்க்கெட்டில் சேலைக்காரன் சொல்லும் விலையை எவ்வளவுக்கு இறக்கலாம், நெரிசலில் பையை எந்தத் தோளில் மாட்ட வேண்டும், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். "மேல மட்டும் பார்க்காத. கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறவன் பாக்கெட்டைத்தான் திருடன் முதல்ல அறுப்பான்" என்பது அவருடைய பிரசித்தமான அறிவுரை. அதைக் கேட்டு நடந்தவர்கள் பாக்கெட்டோடு திரும்பியும் வந்திருக்கிறார்கள்.

அவர் டாக்காவைப் பார்த்ததே இல்லை என்பதுதான் இதில் உள்ள ஒரே சிக்கல்.

அப்படி ஒரேயடியாகச் சொல்வதும் நியாயமில்லை. கொஞ்சம் பார்த்திருக்கிறார். லாஞ்சு விடியற்காலையில் சதர்காட் துறையில் வந்து ஒட்டும். இறங்கி, பக்கத்திலேயே இருக்கிற ஷியாம்பஜாரில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும் வாங்கி, மூட்டைகளைக் கூலியாட்கள் தலையில் ஏற்றிவிட்டுத் திரும்புவார். போக நானூறு அடி, வர நானூறு அடி. அதற்குள் கண் சொருகிவிடும். ராத்திரி முழுக்க நின்று முந்நூறு பேருக்குப் பொங்கிப் போட்ட உடம்பு. வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் விழுந்தாரென்றால், சாயங்காலம் லாஞ்சு சங்கு ஊதும்போதுதான் எழுந்திருப்பார். பிறகு அடுப்பு. இந்த எண்ணூறு அடிதான் அவருடைய டாக்கா.

எல்லாம் கல்யாணமான புதிதில் வந்த வினை. ஜோஹராவுக்கு அப்போது பத்தொன்பது வயது. தெதுலியா ஆற்றைத் தாண்டாதவள். முதல் தடவை லாஞ்சிலிருந்து வீடு திரும்பியவரிடம், "டாக்காவுல என்ன பார்த்தீங்க?" என்று கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்டாள். வெங்காயம் பார்த்தேன் என்று எந்தப் புது மாப்பிள்ளை சொல்லுவான்? முந்தின ராத்திரி ஒரு துணி வியாபாரி பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டே லால்பாக் கோட்டையைப் பற்றிச் சொல்லியிருந்தார். அதை அப்படியே எடுத்துவிட்டார். ஜோஹரா வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அடுத்த நடைக்கு நவாபின் இளஞ்சிவப்பு அரண்மனை. அதற்கடுத்து மிருகக்காட்சி சாலைப் புலி. பசி அடங்கிய மனிதன் நிறையப் பேசுவான். முந்நூறு பேரில் தினம் நாலு பேர் பேசினால் போதும், மொக்லேஸுக்கு ஒரு டாக்கா கிடைத்துவிடும். பத்தாததற்குக் கொஞ்சம் மசாலா அவரே சேர்ப்பார். சமையல்காரர் கை சும்மா இருக்குமா?

லாஞ்சின் சமையலறை பின்பக்கம், எஞ்சின் அறையை ஒட்டியது. இடது காதை எஞ்சின் சுவருக்குக் கொடுத்துக்கொண்டே நின்றதில், நாலைந்து வருஷத்தில் அந்தக் காது போய்விட்டது. அதனால் குரல் பெரிதாகிவிட்டது. அவர் ரகசியம் பேசினால் பக்கத்து வீட்டில் பதில் சொல்வார்கள். அவர் பாயில் மல்லாந்து டாக்காக் கதை சொல்லும்போது, ஜோஹரா இடது பக்கம் படுத்துக் கேட்பாள். தொட்டில் அந்தப் பக்கம் இருந்த பழக்கம். கேட்டுக்கொண்டே நடுநடுவே அவள் உதடு அசையும். 'ம்' கொட்டுகிறாள் என்று எடுத்துக்கொண்டு அவர் மேலே போவார்.

"என்னையும் ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன்" என்று அவள் கேட்காத வருஷம் இல்லை. ரூனு கைக்குழந்தை என்றார். புயல் காலம் என்றார். கடையடைப்பு என்றார். ரூனுவுக்குப் பரீட்சை என்றார். போன மாசம் ரூனுவுக்குக் கல்யாணமும் ஆகி, பெண் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். ஜனவரி மாசம், ஆறோ பாய் விரித்தது போல அமைதி. சொல்வதற்கு ஒரு சாக்கும் மிச்சமில்லை.

"இந்த வாரம் போறோம்" என்றாள் ஜோஹரா. "உங்களுக்குப் பதிலா ரெண்டு நடைக்கு ஆள் போடச் சொல்லி சாரங்கிட்ட நானே பேசிட்டேன்."

லாஞ்சைச் செலுத்தும் சாரங்கிடமே பேசிவிட்டாள் என்றால் இனித் தப்ப முடியாது. அந்தப் பயணத்தில் மொக்லேஸ் முதல் முறையாகத் தளத்தில் பயணியாகப் படுத்தார். தூக்கம் வரவில்லை. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், அது ஒரு வாரம். இருபத்து நான்கு வருஷம் தன் வார்த்தையை நம்பிய ஒருத்தி, நடுத்தெருவில் தன்னைப் பொய்யன் என்று பார்க்கப்போகிறாளே, அந்தப் பார்வையை எப்படித் தாங்குவது என்பதுதான் அவர் நெஞ்சை அரித்தது.

விடிந்து சதர்காட் வந்தது. லாஞ்சோடு லாஞ்சு உரசிக்கொண்டு, அதற்கிடையே சின்னப் படகுகள் நுழைந்துகொண்டு, ஆற்றில் தண்ணீரைவிட மரமும் இரும்புமே அதிகம் தெரிந்தது. இதுவரைக்கும் அவர் ராஜா.

"அதோ பார், நவாப் அரண்மனை" என்று கையை நீட்டினார். "ஆசான் மன்ஸில்."

"அந்தப் பெரிய படிக்கட்டுல ஏறித்தானே உள்ள போவேன்னு சொல்வீங்க?"

"அதேதான்."

ஆற்றங்கரையோடு நடந்தார்கள். பழ மண்டி. ஆரஞ்சுப் பெட்டிகளைத் தலையில் வைத்தவர்கள் வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டு நேரே வந்தார்கள். ஜோஹரா அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் படிக்கட்டுக்கு முன்னால் வேலியும் சுவரும்தான் இருந்தன. கம்பிக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு தெரிகிறது, வாசலைக் காணோம். ஆற்றிலிருந்தே பார்த்தவருக்கு அந்த அரண்மனைக்கு ஒரே ஒரு முகம்தான். வாசல் தெருப்பக்கம் இருக்கும் என்பது லாஞ்சுக்காரர் புத்திக்கு எட்டவில்லை. போனார், வந்தார், மறுபடி போனார். ஒருவழியாகச் சந்துகளில் சுற்றி வாசலைப் பிடித்தபோது அது பூட்டியிருந்தது.

"வியாழக்கிழமை லீவு" என்றான் காவலாளி, பல் குச்சியை வாயிலிருந்து எடுக்காமல். "இதுகூடத் தெரியாதா? எந்த ஊரு?"

"ஊரு லால்மோகன்" என்றாள் ஜோஹரா. "ஆனா இவருக்கு டாக்கா அத்துப்படி. நாள்தான் மறந்துபோச்சு."

அவள் முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை.

அடுத்து லால்பாக் என்று சொல்லி நடந்தார். எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. நாலு சந்து கூடும் இடத்தில் ரிக்‌ஷாக்கள் சக்கரத்தோடு சக்கரம் சிக்கிக்கொண்டு நின்றன. மணியடிப்பவன் மணியடித்தான், திட்டுபவன் திட்டினான், யாரும் நகரவில்லை. மொக்லேஸ் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் மின்கம்பிகள் கூடை கூடையாகத் தொங்கின. ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி தனக்கில்லையே என்று உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"எந்த ஊரு அண்ணே?" என்று ஒரு குரல் கேட்டது.

டாக்காவில் இரண்டு பேர் சந்தித்தால் பேருக்கு முன்னால் ஊரைத்தான் கேட்பார்கள். அங்கே இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஊர் வேறெங்கோதான் இருக்கிறது. கேட்டவன் ஒரு ரிக்‌ஷாக்காரன். நாற்பது வயது இருக்கும், கழுத்தில் சிவப்புத் துண்டு.

"லால்மோகன்" என்றார் மொக்லேஸ், தன் வழக்கமான சத்தத்தில்.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவன் ரிக்‌ஷாவிலிருந்து இறங்கிவிட்டான். "அட, லாஞ்சு சமையல்கார அண்ணன். உங்க பருப்பை மறக்க முடியுமா? என்ன அண்ணே, பகல்ல உங்களை வெளியில பார்த்ததே" என்று ஆரம்பித்தவன், மொக்லேஸின் கண்ணைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் நின்ற ஜோஹராவைப் பார்த்தான். அந்தக் கண் என்ன கெஞ்சியது என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. "பார்த்ததே ரொம்ப நாளாச்சு" என்று முடித்தான். "ஏறுங்க அண்ணி. லால்பாக்தானே? ஊர்லேர்ந்து வர்றவங்க எல்லாம் முதல்ல அங்கதான் போவாங்க. அண்ணனுக்கு வழி தெரியும், ஆனா இப்ப ஒரு வழிப்பாதை ஆக்கிக் குழப்பி வெச்சிருக்கானுங்க."

அவன் பெயர் இத்ரீஸ். மொக்லேஸுக்கு அவனைச் சுத்தமாக நினைவில்லை. அவனுக்கோ எல்லாம் நினைவிருந்தது. மிதித்துக்கொண்டே, முதுகைக் காட்டியபடியே, ஜோஹராவுக்குச் சொன்னான்.

"பன்னெண்டு வருஷம் ஆச்சு அண்ணி. மேக்னா ஆறு வீட்டை முழுங்கிடுச்சு. ஒரே ஒரு பையோட லாஞ்சு ஏறினேன். பசி. குழாயில தண்ணி குடிக்கிறேன், உட்கார்றேன், மறுபடி போய்க் குடிக்கிறேன். அண்ணன் சமையல்கட்டுலேர்ந்து பார்த்துட்டே இருந்திருக்காரு. 'டேய், தண்ணியிலயே நீந்திப் போயிடலாம்னு பார்க்கிறியா, உள்ள வா'ன்னு ஒரு அதட்டல். லாஞ்சே திரும்பிப் பார்த்துச்சு."

"அவர் குரல் அப்படி" என்றாள் ஜோஹரா.

"சோறு, பருப்பு, மிளகாய் சுட்டுப் பிசைஞ்ச உருளைக்கிழங்கு. ரெண்டு தட்டு. நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலேயே உட்கார்ந்து டாக்காவை ஒப்பிச்சாரு. எந்தப் பக்கம் போகணும், எவன் ஏமாத்துவான், லால்பாக் பக்கம் ரிக்‌ஷா நிறுத்துற இடத்துல போய் நம்ம ஊர்க்காரன் யாருன்னு கேட்டா வேலை கிடைக்கும்னு. கேட்டேன், கிடைச்சுது. எனக்கு டாக்காவைச் சொல்லிக் குடுத்ததே அண்ணன்தான்."

மொக்லேஸ் தன் வலது காதால் இதைக் கேட்டார். அந்த யோசனை எந்தப் பயணி சொன்னது என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. தான் பார்க்காத ஊரில், தன் வாயை நம்பி ஒருவன் பன்னிரண்டு வருஷமாகப் பிழைக்கிறான். பெருமைப்படுவதா வெட்கப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. நன்றி சொல்ல வேண்டியது அவனா தானா என்பதும் புரியவில்லை.

வழியில் இத்ரீஸ் ஒரு பக்கர்கானிக் கடை முன் நிறுத்தினான். தந்தூர் அடுப்பில் ஒட்டிச் சுட்ட வட்ட ரொட்டி, டீயில் தோய்த்தால் மொறுமொறுப்பும் போகாமல் கரையும். மொக்லேஸ் ஒவ்வொரு நடையும் வீட்டுக்கு இதை வாங்கிப் போவார். லாஞ்சுக்கே வந்து விற்பவனிடம் வாங்குவது. வீட்டில் சொன்னது வேறு.

ஜோஹரா கடைக்குள் எட்டிப் பார்த்தாள். "ஒத்தைப் பல்லுத் தாத்தா எங்கே? முதல் ஈடு உங்களுக்குத்தான் எடுத்து வைப்பாருன்னு சொல்வீங்களே."

கடைக்காரன் முப்பது வயது ஆள். முப்பத்திரண்டு பல்லும் இருந்தது. மொக்லேஸ் அடுப்பை எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்.

"அவர் போன குளிர்ல தவறிட்டாரு அண்ணி" என்றான் இத்ரீஸ், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. "நல்ல மனுஷன்."

"யாரு தவறினது?" என்றான் கடைக்காரன்.

"உனக்குத் தெரியாது, நீ டீயைப் போடு."

"என் கடையில செத்தது எனக்குத் தெரியாதா?"

"கடையிலயா செத்தாரு? வீட்டுல செத்தாரு. போடுய்யா டீயை."

ஜோஹரா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், பழகாத தாத்தாவுக்காக அழுகிறாளே என்று மொக்லேஸுக்கு இன்னும் சங்கடமாகிவிட்டது.

லால்பாக் கோட்டைக்குள் போனதும் ஊரின் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டது. புல்வெளி, பூப்பாத்தி, குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்பவர்கள். இத்ரீஸ் ரிக்‌ஷாவை வெளியே விட்டுவிட்டு அவர்களோடு வந்தான். வழியில் ஒவ்வொன்றையும் மொக்லேஸ் சொல்வதற்குக் கால் நொடி முன்னால் அவன் முணுமுணுப்பான். "பரி பீபி சமாதி, அண்ணே" என்று அவன் சொல்ல, "இதுதான் பரி பீபி சமாதி" என்று மொக்லேஸ் முழங்குவார். ஆனால் இத்ரீஸ் அவசரத்தில் இடது பக்கம் வந்துவிட்டால் ஒன்றும் காதில் விழாது. அப்படித்தான் மசூதியைக் காட்டி அரசவை மண்டபம் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. தொழுதுவிட்டு வெளியே வந்த ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

"சுரங்கம் எங்கே?" என்றாள் ஜோஹரா.

அதுதான் அவர் சொன்ன முதல் கதை. துணி வியாபாரி சொன்னது. கோட்டைக்கு அடியில் ஆற்றைத் தாண்டிப் போகும் சுரங்கம். உள்ளே ஒரு யானையை அனுப்பினார்களாம், திரும்பி வரவில்லையாம். இதில் மொக்லேஸின் மசாலா ஒரு வரி. "நான் வாசல்ல கையை நீட்டினேன். உள்ளேர்ந்து ஜில்லுன்னு காத்து வந்து கையைத் தொட்டுச்சு." பத்தொன்பது வயது ஜோஹரா அதைக் கேட்டு அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கன்னத்துக்குப் பிறகு எவனால் முடியும்?

இத்ரீஸ் கண்ணால் காட்டிய பக்கம் போனார்கள். சுவரில் ஒரு வளைவு, இரும்புக் கம்பிக் கதவு, பூட்டு. உள்ளே இருட்டு. மொக்லேஸுக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவுதானா?

"கையை நீட்டுங்க" என்றாள் ஜோஹரா. "அன்னைக்கு மாதிரி."

எண்ணெய் தெறித்துத் தழும்பேறிய கையைக் கம்பிகளுக்கு நடுவில் விட்டார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு விரல் நுனியில் ஏதோ தொட்டது. குளிர்ந்த காற்று. உள்ளங்கை வரைக்கும் வந்தது.

"அட, நெஜமாவே வருது" என்றார் மொக்லேஸ்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அவர் சத்தத்துக்குப் புல்வெளியில் இருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்கள். இத்ரீஸ் சட்டென்று ஒரு மரத்தை ரசிக்கப் போய்விட்டான். மொக்லேஸ் கையை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் திரும்ப வேண்டும், திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இடது பக்கம் நின்றிருந்த ஜோஹரா அவருக்குப் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்தாள்.

"ரூனு அப்பா, ரூனு பொறந்த வருஷம் என் அண்ணன் உங்க லாஞ்சுல வந்தான். 'மச்சான் டாக்காவுல வெங்காய மூட்டை மேல வாயைப் பொளந்துட்டுத் தூங்குறாரு, சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல'ன்னு வந்து சொன்னான்."

மொக்லேஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீங்க கதை சொன்ன ஒவ்வொரு தடவையும் சொன்னேன். 'நீங்க போகவே இல்ல, எனக்குத் தெரியும், மேல சொல்லுங்க'ன்னு. இடது காதுல சொன்னேன். இன்னைக்குத்தான் இந்தக் காதுல சொல்றேன்."

"கோபம் வரலியா?"

"ஒரு நாள் வந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். ராத்திரி பூரா அடுப்புல வெந்துட்டு வர்ற மனுஷன். மத்த ஆம்பளைங்க வந்ததும் சோத்தைப் போடுன்னு கத்திட்டுக் கவுந்துடுவாங்க. இவர் என்னடான்னா குளிச்சுட்டு வந்து, எனக்காக ஒரு ஊரையே கட்டிக் காட்டுறாரு. அதுக்கு நான் கோபப்பட்டா சோறு இறங்குமா?" கொஞ்சம் நிறுத்தி, "ஒத்தைப் பல்லுத் தாத்தாவைத்தான் அநியாயமா சாகடிச்சுட்டீங்க" என்றாள்.

மரத்தடியில் இத்ரீஸ் இருமினான்.

"அப்ப எதுக்கு வந்த? பொய்யைப் பிடிக்கவா?"

"எனக்கு டாக்கா தெரியும். இருபத்து நாலு வருஷமா கேட்டிருக்கேன். உங்களுக்குத்தான் தெரியாது. ஊருக்கெல்லாம் அள்ளிக் குடுத்தீங்க, நீங்க ஒரு வாய் சாப்பிடலியேன்னு இருந்துச்சு. கடமை முடிஞ்சுது, ரூனு போயாச்சு. இனிமே உங்களைக் கூட்டிட்டு வந்து காட்டலாம்னுதான் வந்தேன்."

மொக்லேஸ் அழுதார். முந்நூறு பேருக்கு வெங்காயம் நறுக்கிப் பழகின கண், அதற்கு இப்படி அழ வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. அல்லாவுக்கு நன்றி சொன்னார், அந்தத் துணி வியாபாரிக்கு நன்றி சொன்னார், பெயர் தெரியாமல் தன் பருப்பைச் சாப்பிட்டுப் பேசிவிட்டுப் போன அத்தனை பேருக்கும் நன்றி சொன்னார். எல்லாம் மனசுக்குள் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் புல்வெளி முழுக்கக் கேட்டது.

அதன் பிறகு நாள் லேசாகிவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று கேட்கும் சுகம் அவருக்குப் புதிது. இது என்ன, அது யார் கட்டினது, அந்தப் பறவை எங்கே போகிறது என்று கேட்டுக் கேட்டு இத்ரீஸின் உயிரை எடுத்துவிட்டார். சாயங்காலம் சதர்காட்டில் இறக்கிவிட்டபோது இத்ரீஸ் கூலிப் பேச்சை எடுக்கவே விடவில்லை. மொக்லேஸ் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தம்பி, அடுத்த நடையிலேர்ந்து பகல்ல நான் தூங்கமாட்டேன், வாரம் ஒரு நாள் வா, ஒவ்வொண்ணா காட்டு" என்றார்.

"தூங்காம எப்படி அண்ணே சமைப்பீங்க?"

"மாசம் ஒரு நாள் வா."

லாஞ்சுத் தளத்தில் ஜோஹரா போர்வையை விரித்தாள். வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. அரண்மனையின் இளஞ்சிவப்பு ஆற்றில் மங்கிக்கொண்டிருந்தது. பதில் ஆள் சமைத்த பருப்பை ஒரு வாய் வைத்து மொக்லேஸ் முகம் சுளித்தார், ஆனாலும் தட்டைக் காலி செய்தார். அப்புறம் ஒரு யோசனை வந்தது.

"இந்தா ரூனு அம்மா. இடது காதுல அது ஒண்ணுதான் சொன்னியா? இருபது வருஷமா வேற ஏதாவதும் சொன்னியா?"

ஜோஹரா கொஞ்சம் யோசித்தாள். எழுந்து, அவருக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். குனிந்து அந்தக் காதில் என்னவோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். காதோரம் மூச்சின் சூடு மட்டும் அவருக்குத் தெரிந்தது.

லாஞ்சு சங்கு ஊதிக் கரையை விட்டு விலகியது. திருப்பிக் கேட்டிருந்தால் வலது பக்கம் வந்து சொல்லியிருப்பாள்.

மொக்லேஸ் கேட்கவில்லை. "ம்" என்றார்.